கையால் கொடுத்த கேமராவுக்குக் காப்பீடு இல்லை

கேமரா, டிரோன், ஜெனரேட்டர், கான்கிரீட் மிக்ஸர், ஒலிபெருக்கி என எதை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவராக இருந்தாலும் சரி, இன்று இரவு கடையைப் பூட்டுவதற்கு முன் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ‘வாடகை’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். என் பத்திரத்தில் இல்லை. இல்லை என்பதையே 7,60,000 ரூபாய் பறிபோன பிறகுதான் கண்டுபிடித்தேன்.

மதுரையில் திருமணப் படப்பிடிப்பாளர்களுக்குக் கேமரா வாடகைக்கு விடும் சிறிய கடை என்னுடையது. 2019-இல் ஒரே ஒரு கேமராவோடு தொடங்கினேன். கொரோனாக் காலத்தில் திருமண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தபோது அதையும் விற்றுவிடலாமா என்று யோசித்திருக்கிறேன். எப்படியோ தாக்குப்பிடித்து, கடன் வாங்கி, மூன்று கேமரா, ஏழு லென்ஸ், இரண்டு ஜிம்பல் என்று வளர்ந்தேன். ஆடியில் கடை வெறிச்சோடிக் கிடக்கும். ஆவணி பிறந்துவிட்டால் காலை ஐந்து மணிக்கே வந்து கதவைத் தட்டுவார்கள்.

2023 ஜூனில் காப்பீடு எடுத்தேன். என் இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுதோறும் பாலிசி புதுப்பித்துத் தரும் முகவர்தான் இதையும் கொண்டுவந்தார். கடைக்காரர்களுக்கான பாலிசி என்றார். தீ, வெள்ளம், திருட்டு எல்லாம் ஒரே பத்திரத்தில் அடங்கிவிடும் என்றார். 14 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு, பிரீமியம் 10,000 ரூபாய், ஜிஎஸ்டி 1,800 ரூபாய். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “அண்ணே, வாடகைக்குக் கொண்டுபோனவன் திருப்பிக் கொண்டுவராவிட்டால்?” அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே, “அதுவும் திருட்டுதானே தம்பி” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி இரண்டு முறை பணம் கட்டினேன்.

2024 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஓர் இளைஞன் வந்தான். அதற்கு முன் இரண்டு முறை சிறிய லென்ஸ்களை எடுத்துப் போய், சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தவன். கொடைக்கானலில் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று சொல்லி 3,40,000 ரூபாய் கேமராவும், 1,90,000 மற்றும் 2,30,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு லென்ஸ்களும் கேட்டான். ஆதார் நகல் கொடுத்தான். முன்பணம் கொடுத்தான். தொழில் தெரிந்தவன் போலவே லென்ஸைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தான். பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் ஒவ்வொன்றையும் நானே அடுக்கி, வரிசை எண்களைப் பதிவேட்டில் எழுதி, அவன் கையெழுத்தை வாங்கினேன். திங்கட்கிழமை காலை திருப்பித் தர வேண்டும். திங்கள் மதியம் அவன் கைபேசி அணைந்திருந்தது. ஆதார் நகலில் இருந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆதார் அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியால் ஸ்கேன் செய்தால், அட்டையில் அச்சிட்டிருக்கும் பெயரும் படமும் உண்மையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நகலை வாங்கிக் கோப்பில் செருகுவதால் ஒரு பயனும் இல்லை. இதை நான் அன்று செய்யவில்லை. அது என் தவறு, அதை மறைக்கப் போவதில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அலைக்கழிக்காமல் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(2), 318(4) என்று இரண்டு பிரிவுகள் போட்டிருந்தார்கள். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல். பொருளை நானே மனமொப்பி ஒப்படைத்ததால் திருட்டுக்கான 303-ஆம் பிரிவு பொருந்தாது என்று எழுத்தர் விளக்கினார். உரியவரின் சம்மதம் இல்லாமல் அவர் வசமிருந்து எடுத்துச் செல்வதுதான் சட்டத்தின் கண்ணில் திருட்டு. பிரிவு எதுவானால் என்ன, ஆள் கிடைத்தால் போதும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த எண்கள்தான் பிறகு என் கழுத்தைப் பிடித்தன.

காப்பீட்டு நிறுவனம் இழப்பை ஆய்வு செய்ய அனுப்பிய சர்வேயர் பத்து நாள் கழித்து வந்தார். மரியாதையான மனிதர். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். கேமராவைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று பில், பதிவேடு, வாடகை ரசீது எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்திருந்தேன். அவர் நேராக வாசலுக்குப் போய் இரும்புக் கதவின் பூட்டைக் கைபேசியில் நான்கு கோணங்களில் படம் எடுத்தார். பின்கதவு எங்கே என்று கேட்டார். ஜன்னல் கம்பிகளை எண்ணினார். பிறகு என்னிடம் திரும்பி, “பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை, அல்லவா?” என்றார். இல்லை என்றேன். குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் ஆய்வு.

டிசம்பரில் கடிதம் வந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, பாலிசியின் திருட்டுப் பிரிவு, கட்டடத்துக்குள் வன்முறையாக நுழைந்து அல்லது வெளியேறி நடக்கும் களவுக்கு மட்டுமே. இரண்டு, காப்பீடு பெற்றவர் யாரிடம் பொருளை ஒப்படைத்தாரோ அவரே செய்யும் மோசடி பாலிசிக்கு வெளியே. ஆதாரமாக என் முதல் தகவல் அறிக்கையையே இணைத்திருந்தார்கள்.

அன்றுதான் பாலிசியின் 24 பக்கங்களையும் முதன்முறையாக வரி வரியாகப் படித்தேன். முகவர் எனக்குக் கொடுத்தது முதல் இரண்டு பக்கம் மட்டும். மீதியை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி அச்செடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் சொன்ன இரண்டும் அதில் இருந்தன. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: காப்பீடு செய்யப்பட்ட இடம் என்ற கட்டத்தில் என் கடை முகவரி மட்டும். அதாவது என் லென்ஸ் கொடைக்கானலில் பாறையில் விழுந்து உடைந்திருந்தாலும் ஒரு ரூபாய் கிடைத்திருக்காது. நாள் முழுதும் வெளியே சுற்றும் பொருளுக்கு, அது கடைக்குள் தூங்கும்போது மட்டும் பாதுகாப்பு தரும் பத்திரத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

வன்முறையான நுழைவு என்ற நிபந்தனையை நீதிமன்றத்தில் உடைத்துவிடலாம் என்று நினைத்து வழக்கறிஞரிடம் போனேன். 2004-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வணிகரின் வழக்கில் இதையே தீர்த்துவிட்டது என்றார். பொதுச் சட்டத்தில் திருட்டுக்கு என்ன பொருள் இருந்தாலும், பாலிசியில் எழுதியிருக்கும் பொருள்தான் செல்லும் என்பது அந்தத் தீர்ப்பு. ஆக, கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்திருக்க வேண்டிய வரி அது.

முன்மொழிவுப் படிவத்தின், அதாவது காப்பீடு கேட்டு நிறுவனத்துக்கு நிரப்பிக் கொடுக்கும் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள் என்று அந்த வழக்கறிஞர்தான் சொன்னார். அதைக் கேட்டுப் பெறுவது பாலிசிதாரரின் உரிமை. நான் எழுதிக் கேட்ட பிறகு வந்தது. ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘போட்டோ ஸ்டுடியோ மற்றும் கேமரா விற்பனை’ என்று எழுதியிருந்தது. நான் வாழ்நாளில் ஒரு கேமராவைக்கூட விற்றதில்லை. என் கடைப் பலகையிலேயே ‘கேமரா வாடகைக்கு’ என்றுதான் இருக்கிறது, அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் முகவர் படிவத்தை நிரப்பினார். கடைசியில் உள்ள கையெழுத்து என்னுடையது. மேலே உள்ள எழுத்து அவருடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அவசர வேலையில் இருந்தேன். வாடகைத் தொழில் என்று உண்மையை எழுதியிருந்தால் நிறுவனம் அதிக பிரீமியம் கேட்டிருக்கும், அல்லது மறுத்திருக்கும். இரண்டிலும் அவருக்குக் கமிஷன் தாமதமாகியிருக்கும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

முகவர் நிறுவனத்தின் ஆள். தரகர் என்ற உரிமம் பெற்றவர்தான் சட்டப்படி வாடிக்கையாளர் சார்பில் நிற்பவர். இந்த வித்தியாசம் ஐந்து ஆண்டு தொழில் செய்த எனக்குத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை.

இது கேமராக்காரர்களின் பாடு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். என் மைத்துனர் ஒத்தக்கடைப் பக்கம் கட்டுமானத் தளங்களுக்கு ஜெனரேட்டரும் மிக்ஸரும் வாடகைக்கு விடுகிறார். அவர் எடுத்தது சரியான பாலிசி, ஒப்பந்ததாரர் இயந்திரங்களுக்கென்றே உள்ளது. ஆனால் மூன்று லட்சம் ரூபாய்க்குப் பழையதாக வாங்கிய ஜெனரேட்டரை அதே மூன்று லட்சத்துக்குக் காப்பீடு செய்தார். அந்த வகைப் பாலிசியில் காப்பீட்டுத் தொகை, அதே இயந்திரத்தைப் புதிதாக வாங்கினால் ஆகும் விலையாக இருக்க வேண்டும். புது விலை ஆறு லட்சம். ஒரு தளத்தில் சுவர் சரிந்து ஜெனரேட்டர் மேல் விழுந்தது. பழுதுபார்க்க 80,000 ரூபாய். பாதித் தொகைக்குத்தானே காப்பீடு செய்தீர்கள் என்று 40,000 ஆகக் குறைத்தார்கள். நீங்களே ஏற்க வேண்டிய தொகை 10,000 என்று அதையும் கழித்தார்கள். கைக்கு வந்தது 30,000. இயந்திரம் தானாகப் பழுதானால் அந்தப் பாலிசியில் எதுவும் கிடைக்காது, வெளியிலிருந்து வரும் விபத்துக்கு மட்டும்தான். இதை அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இப்போது புதிய பாலிசி தேடி மூன்று நிறுவனங்களில் விசாரித்தேன். வாடகைக்கு விடுகிறேன் என்று எழுத்தில் சொன்னதும் இரண்டு விலகிக்கொண்டன. மூன்றாவது நிறுவனம், எடுத்துச்செல்லும் மின்னணுக் கருவிகளுக்கான பாலிசியில், இந்தியா முழுவதும் செல்லும் என்றும் வாடகைக்கு விடப்படுபவை என்றும் கூடுதல் ஒப்புதல் எழுதித் தந்தது. பிரீமியம் முன்பைவிட இரண்டரை மடங்கு. விழுந்து உடைந்தால், நனைந்தால், படப்பிடிப்பு இடத்தில் பூட்டிய காரை உடைத்து எடுத்தால் கிடைக்கும். வாடகைக்கு எடுத்தவனே கொண்டு ஓடினால்? அதற்கு மட்டும் அவர்களும் இல்லை என்றார்கள். முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்ன அந்த அதிகாரியின் மேல் எனக்கு மரியாதை வந்தது. காப்பீடு தாங்காது என்று தெரிந்த அபாயத்துக்கு நான் வேறு வழி பார்க்கிறேன்: ஸ்கேன் செய்த ஆதார், கைபேசி எண் அவர் பெயரிலேயே இருக்கிறதா என்ற சோதனை, தெரிந்த ஸ்டுடியோ ஒன்றின் எழுத்துப்பூர்வப் பொறுப்பு, ஐந்து லட்சத்துக்கு மேல் போகும் பொருளோடு என் உதவியாளர் ஒருவர். வாடிக்கையாளர்கள் சிலர் முகம் சுளித்துப் போய்விட்டார்கள்.

உங்கள் முகவரிடம் பேச்சில் எதையும் கேட்காதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள்: “நான் இந்தப் பொருள்களை வாடகைக்கு விடுகிறேன். வாடகைதாரர் திருப்பித் தராவிட்டால் இழப்பீடு உண்டா? கடைக்கு வெளியே சேதமானால் உண்டா? எந்தப் பக்கத்தில், எந்த நிபந்தனையில் இருக்கிறது?” பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். என்னிடம் அப்படி ஒரு மின்னஞ்சல் இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது.

மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு தகவல். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே பலன் இல்லாவிட்டால், தனியுரிமையாளர் கடையும் குறுந்தொழிலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். நான் போனேன். பாலிசி வாசகம் தெளிவாக இருக்கிறது, முகவர் வாய்மொழியாகச் சொன்னதற்குச் சான்று இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்த முடிவு நம்மைக் கட்டுப்படுத்தாது என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். வணிகத்துக்காக எடுத்த காப்பீடு என்பதாலேயே ஒருவர் நுகர்வோர் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது என 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டிய பிரீமியத்தின் அடிப்படையில்தான் வழக்கின் மதிப்பு பார்க்கப்படுகிறது. அந்த மதிப்பு ஐந்து லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.

வழக்கில் கேமராவைத் திருடியது யார் என்பதை நான் பேசவில்லை. படிவத்தில் என் தொழிலை மாற்றி எழுதி, எனக்குப் பயன்படவே முடியாத ஒரு பத்திரத்தை விற்றது சேவைக் குறைபாடு என்பதுதான் என் வாதம். சான்றாகக் கடைப் பலகையின் புகைப்படத்தையும், 2019 முதல் எழுதிவரும் வாடகைப் பதிவேட்டையும், முகவர் எழுதிக் கொடுத்த பழைய ரசீதுகளைக் கையெழுத்து ஒப்பிடுவதற்காகவும் கொடுத்திருக்கிறேன். அடுத்த விசாரணை வரும் மாதம். ஓடிப்போன கேமராவுக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி இருக்கிறது, ஒவ்வொன்றும் 18,400 ரூபாய்.