குற்றால சீசனுக்கு எது சரி: தரை சென்சாரா, கேமராவா?

ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி, செங்கோட்டை வண்டிகளோடு ஆரியங்காவு கணவாய் தாண்டி வரும் கேரள வண்டிகளும் சேர்ந்து குற்றாலம் நிறைந்துவிடும். ஐந்தருவியில் நிறுத்த இடம் உண்டா, பழைய குற்றாலம் போகலாமா என்று வழியிலேயே தெரிந்தால் வீண் அலைச்சல் குறையும். அதற்கு பார்க்கிங்கில் காலி இடம் எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல ஒரு கருவி வேண்டும்: தரையில் பதிக்கும் சென்சார் அல்லது கேமரா.

தரை சென்சார், மேலே நிற்கும் காரின் இரும்பு பூமியின் காந்தப்புலத்தைக் கலைப்பதை வைத்து வண்டியைக் கண்டுபிடிக்கும். மழையோ இருட்டோ அதற்குப் பொருட்டில்லை. சாரல் ஊருக்கு இது பெரிய பலம். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று பதிக்க வேண்டும், பேட்டரியும் மாற்ற வேண்டும். கோடு போடாத மைதானத்தில் ஒரு வேன் குறுக்கே நின்றால் கணக்கே குழம்பிவிடும்.

கேமரா ஒன்றே பல இடங்களைப் பார்க்கும். லென்ஸில் துளி படிந்தால் தடுமாறும்தான். வாசலில், கூரைக்கடியில் வைத்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மட்டும் எண்ணினால் அந்தச் சிக்கல் பெரிதில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம், எதை வைத்தாலும் முதலில் கோடு போடுங்கள். 90 டிகிரியில் நிறுத்தினால் கார்கள் அதிகம் கொள்ளும். 45 டிகிரி சாய்வில் குறையும், ஆனால் ஒருவழிப் பாதையிலிருந்து சட்டென்று நுழையலாம். ஈரத்துணியோடு குழந்தைகள் ஓடும் இடத்தில் சாய்வுதான் வேண்டும்.