கை வைத்தால் சுர்ரென்ற கம்ப்யூட்டர்

போன வாரம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அத்தை பையன் கூப்பிட்டான். "மச்சான், நீ கம்ப்யூட்டருக்குப் போட்ட பார்ட்ஸ் லிஸ்ட்டை அப்படியே அனுப்பு. தீபாவளி போனஸ் கையில இருக்கு, நானும் ஒண்ணு அசெம்பிள் பண்ணிக்கறேன்" என்றான். லிஸ்ட் போனிலேயே இருக்கிறது, அனுப்ப அரை நிமிடம் ஆகாது. ஆனால் அதை மட்டும் அனுப்பினால் பாதி உண்மையைச் சொன்ன மாதிரிதான். மீதியை எழுதிவிடுகிறேன்.

2022 டிசம்பரில் போட்டது. ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, எட்டு ஜிபி ரேம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ், வலை முகப்பு வைத்த கேபினெட். அந்த செப்டம்பரில்தான் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டிக் காசு எடுக்கும் மைனிங்கை விட்டு வேறு முறைக்கு மாறியது. கார்டு விலை இறங்கியது. இல்லாவிட்டால் எனக்கெல்லாம் ஆர்எக்ஸ் 6600 கனவுதான்.

ஒன்றோடொன்று சேருமா என்று பார்ப்பதற்கே ஒரு மாதம் போனது. பாவுக்கணக்கு எழுதும் அப்பாவின் பழைய நோட்டில் பின்பக்கமாக எழுதிக்கொண்டே வந்தேன். பி450 போர்டு விலை குறைவு, ஆனால் பழைய ஸ்டாக் வந்துவிட்டால், போர்டை எழுப்பும் பயாஸ் என்ற மென்பொருளை அப்டேட் செய்யாமல் 5000 வரிசை ப்ராசஸர் எழுந்திருக்காது. இன்டெல் பக்கம் போனால் அதே சாக்கெட்டில் டிடிஆர்4 ரேம் போடும் போர்டும் உண்டு, அதற்கடுத்த தலைமுறை டிடிஆர்5 ரேம் போடும் போர்டும் உண்டு. ரேமின் வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றில் மற்றொன்று உட்காராது. கார்டின் நீளம், கூலரின் உயரம், எஸ்எம்பிஎஸ்ஸில் ப்ராசஸருக்குப் போகும் எட்டு பின் வேறு, கார்டுக்குப் போகும் எட்டு பின் வேறு என்பது வரை எல்லாம் நோட்டில் இருந்தது. காந்திபுரம் கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் தம்பி கடை வைக்கக் கூடாது?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை.

பொருத்தும்போது இரண்டு கூத்து நடந்தது. டிஸ்ப்ளே வரவில்லை என்று இரண்டு மணி நேரம் அழாத குறை. எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் குத்தியிருந்தேன். 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டில்தான் குத்த வேண்டும். இரண்டாவது, ரேமை 3200க்கு ஓட வைக்க பயாஸில் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கைப் போட்டுவிட மறந்து எட்டு மாதம் 2400இலேயே ஓட்டியிருக்கிறேன். இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான், போச்சாது.

மற்றபடி மிஷின் தங்கம். மூன்று வருடம் ஆகப்போகிறது, 1080பியில் நான் விளையாடும் எதையும் அது மாட்டேன் என்று சொன்னதில்லை. பெட்டியோடு வந்த கூலரே போதும். கார்டு 132 வாட்டுக்குள் வேலையை முடித்துவிடும். எங்கள் வீடு சோமனூர் பக்கம், சுவருக்கு அந்தப்பக்கம் தறிக் குடோன். அதனால் முன்பக்க வலையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சு படியும். துடைக்க வேண்டியதில்லை, ஓரத்தில் நகத்தால் கிளப்பி இழுத்தால் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வரும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வாங்கிய முதல் வாரமே அம்மா சொன்னார். "ஏங் கண்ணு, இந்தப் பெட்டி கடிக்குது." வீடு துடைத்துவிட்டு ஈரத்துணியோடு கேபினெட்டைத் தொட்டிருக்கிறார். நான் பெரிய மேதாவி மாதிரி ஸ்டாடிக் மின்சாரம் பற்றி விளக்கம் கொடுத்தேன். சீப்பு, தலைமுடி, காகிதத் துண்டு எல்லாம் சொன்னேன். "என்னமோ சாமி, சுர்ருங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எப்போதும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு உட்காருவேன். அம்மா வெறுங்கால். அந்த வித்தியாசத்தை யோசிக்கும் புத்தி அன்றைக்கு இல்லை.

அப்புறம் மைக். ஆன்லைனில் கூட விளையாடுகிறவர்கள் எல்லாம், "உங்க வீட்டுல தறி ஓடுதா ப்ரோ? ஒரே இரைச்சல்" என்றார்கள். ஓடத்தானே செய்கிறது! அதனால் பழியைத் தறி நாடா மேல் போட்டுவிட்டேன். இரைச்சலைக் குறைக்கும் என்று 2,800 ரூபாய்க்குப் புது ஹெட்செட் வாங்கினேன். குறையவில்லை. எஸ்எம்பிஎஸ்தான் கோளாறு என்று முடிவு கட்டி வாரண்டிக்கு அனுப்பினேன். பதினெட்டு நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் இருந்து, திரும்பி வந்தபோது மேலே 'டெஸ்ட் ஓகே' என்று ஒரு ஸ்டிக்கர். கடைக்குப் போன் செய்து நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதற்கடுத்த பொங்கலுக்கு, பெரிய திரையில் விளையாடலாம் என்று ஹாலில் கேபிள் கனெக்‌ஷன் செருகியிருந்த டிவியில் எச்டிஎம்ஐ வயரைக் குத்தினேன். முனையில் சின்னதாக ஒரு பொறி. டிவியின் அந்த போர்ட் அன்றோடு செத்தது. டிவி கம்பெனியையும் திட்டினேன்.

2025இல் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் பக்கம் தறிகள் ஒரு மாதம்போல் நின்றது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் நான் பிறந்ததிலிருந்து கேட்காத அமைதி. நடு மத்தியானம் காக்கை சத்தம் கேட்கிறது. அந்த அமைதியில் ஹெட்செட்டை மாட்டினேன். ஙொய்ய் என்று அதே இரைச்சல். தறியில் ஒரு நூல்கூட அசையவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் வெறுங்காலை ஊன்றி, கேபினெட்டின் பின்பக்க ஸ்குரூ மேல் விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தேன். மரமரவென்று ஒரு நடுக்கம். ஸ்டாடிக் என்றால் 'டக்'கென்று ஒரு தடவை அடித்துவிட்டு அடங்கிவிடும். இது விரல் இருக்கும் வரை விடவில்லை. காலைத் தூக்கினால் நின்றது, ஊன்றினால் வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் முன்னால் அம்மா சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது.

தறிக்கு மோட்டார் வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டேன். டெஸ்டரை ஸ்குரூவில் வைத்தார், எரிந்தது. மீட்டரை வைத்தார், 108 வோல்ட் காட்டியது. சுவிட்ச் போர்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துவிட்டுச் சிரித்தார். "மூணாவது ஓட்டைக்கு வயரே இல்லீங் தம்பி. சும்மா அழகுக்கு இருக்குது."

அந்த ஓட்டைதான் எர்த், கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் வழி. அப்பாரு காலத்து வயரிங். இரண்டே வயர். எப்போதோ பெயிண்ட் அடித்தபோது பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று மூன்று ஓட்டை பாயிண்ட் மாட்டியிருக்கிறார்கள். அந்தப்பக்கம் குடோனில் தறி மோட்டாருக்கு எர்த் உண்டு. மனுசன் இருக்கும் வீட்டுக்கு இல்லை.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டியின் தகரத்துக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து தகரத்துக்கு. கசிவதை எர்த்தில் இறக்கிவிடுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எர்த் இல்லாவிட்டால் தகரம் நடுவில் தொங்கும், 230 வோல்ட்டில் பாதி அதன் மேல் நிற்கும். கசிவது ஒரு மில்லிஆம்புக்கும் குறைவு என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது, சுர்ரென்று மட்டும் இருக்கும். ஆனால் டிவிக்குள் வரும் கேபிள் வயர் வெளியில் எங்கோ மண்ணைத் தொட்டிருந்தால், இந்தக் கசிவு எச்டிஎம்ஐ வயர் வழியாக அதைத் தேடிக்கொண்டு பாயும். போர்ட் செத்தது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே எஸ்எம்பிஎஸ் செய்தது அதன் வேலையைத்தான். ஸ்டிக்கர் ஒட்டியவர் சொன்னது சரி. அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கும் எண்ணமும் இன்னும் வரவில்லை. பதினெட்டு நாள் சும்மாவா?

கிணற்றடி ஓரம் குழி எடுத்தோம். இரண்டடிக்குக் கீழே சுக்கான் கல். மம்பட்டி தெறித்தது, கடப்பாரை போட்டு ஒரு நாள் முழுக்கக் குத்தினோம். நடுவில் ஜிஐ பைப், சுற்றி அடுப்புக்கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். அங்கிருந்து பச்சை வயர் என் அறைக்கு. கூடவே, கசிவு கூடினால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்றையும் மாட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் அண்ணன். எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். மீட்டர் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. ஹெட்செட்டை மாட்டினேன். உள்ளே இருட்டு மாதிரி அமைதி. தறி மறுபடி ஓட ஆரம்பித்த பிறகும் மைக்கில் தறிச்சத்தம்தான் வருகிறது, ஙொய் இல்லை. எலக்ட்ரீசியன் சொன்னபடி அம்மா வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றுகிறார். ஈரம் வீணாகப் போகிறதே, பக்கத்தில் கறிவேப்பிலை வைக்கலாமா என்று கேட்டார். உப்புக்குச் செடி கருகிவிடும் என்று அண்ணன் தடுத்துவிட்டார்.

மார்க் போடச் சொன்னால் மிஷினுக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். ஒரு பாகமும் என்னை ஏமாற்றவில்லை. ஆனால் இன்றைக்கு மறுபடி வாங்கச் சொன்னால் சத்தியமாக ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு மடியில் வைத்து விளையாடுவேன். இது நியாயமில்லை என்று தெரியும், கடப்பாரை பிடித்த கை காப்புக் காய்த்தது இன்னும் போகவில்லை.

அத்தை பையனிடம் லிஸ்ட்டுக்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டேன்: வீட்டில் எர்த் இருக்கிறதா, எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துச் சொல். "அதெல்லாம் இருக்கும் மச்சான்" என்றான். சரி, கம்ப்யூட்டர் வைக்கப் போகும் இடத்தையாவது போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, சுவரில் இருப்பது ரெண்டு பின் பாயிண்ட்.

லிஸ்ட்டை நான் இன்னும் அனுப்பவில்லை.