திடீரென அறுபடும் வைஃபை: கொழும்பில் பல வருடம் உழைத்த லப்டொப்களின் பாவனை அனுபவம்

லப்டொப்பில் இணையம் திடீரென நின்றதும் கை முதலில் போவது ரவுட்டரின் சுவிட்சுக்குத்தான். நிற்பாட்டிப் போட்டால் பல வேளை வந்துவிடும். ஆனால் எது பழுதானது என்ற தடயமும் அதோடு போய்விடும். சில நாளில் அதே பழுது திரும்ப வரும். இணைப்பு அறுந்த அந்த நிலையிலேயே எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் பார்த்தால், எங்கே அறுந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு திருத்துவது சின்ன வேலை.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 ஓடும் லப்டொப்களைக் கொழும்பின் வெக்கை, உப்புக் காற்று, மின்வெட்டு, நெருக்கமான தொடர்மாடிகள் எல்லாவற்றுக்கும் நடுவில் நீண்டகாலம் பாவித்ததில் கண்டவை. மெக் பாவிப்பவர்களுக்கு ரவுட்டர், அலைவரிசை பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும்.

முதலில் போனை எடுங்கள். மொபைல் டேட்டாவை நிற்பாட்டிவிட்டு, அதே வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை நிற்பாட்ட மறந்தால் போன் சத்தமில்லாமல் சிம் வழியாகப் போய்விடும், நீங்கள் லப்டொப்பைச் சந்தேகிக்கத் தொடங்குவீர்கள். போனிலும் இல்லையென்றால் லப்டொப்பில் கை வைக்க வேண்டாம். ஃபைபர் இணைப்பென்றால் சுவரோரப் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மினுங்கினாலோ ஒளி உள்ளே வரவில்லை. வெளியே கேபிள் வெட்டுப்பட்டிருக்கலாம், அல்லது மெல்லிய ஃபைபர் வயர் அலுமாரிக்குப் பின்னால் நசுங்கி மடிந்திருக்கலாம். மடிப்பை விரித்துப் பெரிய வளைவாக விட்டும் சிவப்பு போகாவிட்டால் சேவை நிறுவனத்துக்கு அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

போனில் வருகிறது, லப்டொப்பில் வரவில்லை என்றால் விண்டோஸில் கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் ப்ரொம்ப்ட்டைத் திறந்து ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் பிரவுசரை மாற்றுவதும், தளப் பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றுவதும் வீண். வைஃபையைத் துண்டித்துத் திரும்ப இணைத்தும் 169.254 போகாவிட்டால், ரவுட்டரில் வன்பொருள் முகவரி பார்த்து அனுமதிக்கும் வடிகட்டி (MAC filter) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் எழுந்தமான வன்பொருள் முகவரி வசதி இயங்கினால், ரவுட்டர் அந்த லப்டொப்பை அந்நியன் என்று தள்ளிவிடும்.

முகவரி சரியாக, உதாரணமாக 192.168.1 அல்லது 192.168.8 என்று தொடங்கினால், மூன்று படி இருக்கிறது. ஐபிகொன்ஃபிக் காட்டும் டிஃபோல்ட் கேட்வே எண்ணுக்கு, அதாவது ரவுட்டரின் எண்ணுக்கு, பிங் அடியுங்கள் (ping என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டால் பதில் வருகிறதா என்று காட்டும்). பிறகு கூகுளின் 8.8.8.8 எண்ணுக்கு. பிறகு ஒரு தளத்தின் பெயர். கேட்வேயே பதில் தராவிட்டால் பழுது லப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில், அதாவது சிக்னலிலோ லப்டொப்பின் வைஃபை கார்டிலோ. கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை, ஆனால் போன் வேலை செய்கிறது என்றால் விபிஎன் செயலியையோ மூன்றாம் தரப்பு அன்டிவைரஸையோ சந்தேகியுங்கள். விபிஎன் அறுந்தால் எல்லாப் போக்குவரத்தையும் மறிக்கும் கில் சுவிட்ச் வசதி பலவற்றில் உண்டு. அந்த எண் பதில் தருகிறது, பெயர் மட்டும் தரவில்லை என்றால் அது டிஎன்எஸ். ஐபிகொன்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns) கட்டளையோடு சரி வராவிட்டால் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் போடலாம்.

மூன்று படியும் சரி, ஆனாலும் பிரவுசர் எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ்ப் பிழை காட்டினால் மணிக்கூட்டைப் பாருங்கள். பழைய லப்டொப்பின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய பெட்டரி இறந்து, பெரிய பெட்டரியும் வெறுமையானால், திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் திகதிக்குச் செல்லாதவையாகிவிடும். பார்ப்பவருக்கு அது இணையம் போனது போலவே தெரியும்.

தினம் சில தடவை அறுந்து தானாக வரும் பழுதுக்கு விண்டோஸுக்குள்ளேயே அருமையான கருவி ஒன்று இருக்கிறது. கடைக்காரர்கள்கூட அதை அதிகம் பாவிப்பதில்லை. கமாண்ட் ப்ரொம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, நெட்எஸ்எச் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்று நான்கு சொல்லாக, ஆங்கில எழுத்தில் இடைவெளி விட்டு அடித்தால் கடைசி 3 நாளின் வைஃபை வரலாறு ஒரு பக்கமாக எழுதப்படும். எந்த மணிக்கு அறுந்தது, ஏன் அறுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) துண்டித்தது என்றால் லப்டொப் பக்கம். ரவுட்டரோடு தொடர்பு போனது என்றால் சிக்னல் பக்கம். லப்டொப் தூங்கியெழும் நேரங்களோடு மட்டும் பொருந்தினால் மின்சேமிப்பு. திருத்தக் கொடுப்பதற்கு முன் இந்தப் பக்கத்தைச் சேமித்து எடுத்துப் போங்கள். கடையில் வைத்துப் பார்க்கும்போது பழுது வராமல் போவது வழமை.

மின்வெட்டும் மின்னலும்

2022-இன் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பிறகு பல வீடுகளில் ரவுட்டருக்கென்று, கரண்ட் போனாலும் அதை ஓடவைக்கும் பெட்டரிப் பெட்டியான சின்ன டிசி யூபிஎஸ் வந்துவிட்டது. நல்ல முதலீடு, ஆனால் வாங்கும்போது ரவுட்டர் அடப்டரில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட், 1 முதல் 2 அம்பியர். சில 9 வோல்ட். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் சொருகினால் எரியலாம். 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் கொடுத்தால் விளக்குகள் எரியும், வைஃபை மட்டும் அடிக்கடி விழும், லப்டொப்தான் பழுது என்று நினைக்க வைக்கும். யூபிஎஸ்ஸில் 8800 மில்லிஅம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. சுமார் 32 வட்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 8 வட் இழுக்கும் ரவுட்டர் மூன்று, மூன்றரை மணித்தியாலம் ஓடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின் வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு வைஃபை காட்டுகிறது, இணையம் இல்லையே என்று தேடுவதில் பொருளில்லை.

கரண்ட் திரும்ப வந்ததும் ஃபைபர் பெட்டியின் விளக்குகள் மினுங்காமல் நிலைக்கும் வரை பொறுங்கள். அதற்குப் பிறகு ரவுட்டரைப் போடுங்கள். லப்டொப்பைப் பொறுத்தவரை முக்கியமானது, விண்டோஸில் ஷட் டவுன் கொடுப்பது முழு நிறுத்தம் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால், விண்டோஸின் உட்பகுதியான கேர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதப்பட்டு அடுத்த தடவை அப்படியே ஏற்றப்படும். சிக்கிப்போன வைஃபை டிரைவர் சிக்கியபடியே திரும்ப எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். "நேற்று முழுக்க நிற்பாட்டி வைத்தும் சரிவரவில்லை" என்பவர்களுக்குப் பல வேளை ஒரு ரீஸ்டார்ட் போதும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும் நாட்களில் லான் கேபிளைக் கழற்றி வையுங்கள். செம்புத் தொலைபேசி வயர் வழியாகவோ கூரை அன்டெனா வழியாகவோ வரும் அதிர்ச்சி, ரவுட்டரைத் தாண்டி லான் கேபிளால் லப்டொப்பின் மதர்போர்ட் வரை வரும். வைஃபை கார்டைக் கழற்றி மாற்றலாம். மதர்போர்டோடு சேர்ந்த லான் சிப்பை அப்படி மாற்ற முடியாது.

கார்டே காணாமல் போனால்

வைஃபை என்ற சொல்லே செட்டிங்ஸில் இல்லை, விமான நிலை மட்டும் தெரிகிறது: வயதான லப்டொப்களில் அடிக்கடி காண்பது இதுதான். டிவைஸ் மனேஜரில் நெட்வொர்க் அடப்டர்களைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10 என்றால் கார்டைத் தொடங்க முடியவில்லை, பெரும்பாலும் டிரைவர். கோட் 43 என்றால் கார்டு தானே பிழை அறிவித்திருக்கிறது. பெயரே இல்லையென்றால் மதர்போர்டுக்கு அந்தக் கார்டு தெரியவில்லை.

பெயர் இல்லாதபோது டிரைவர் தேடி அலையாதீர்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜரைக் கழற்றி, பெட்டரி கழற்றக்கூடியதென்றால் அதையும் எடுத்து, பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். சில திங்க்பேட்களில் அடியில் ஊசித்துளை ரீசெட் உண்டு. கார்டில் தங்கிய மின் வடிந்து, அது புதிதாகத் தொடங்கும். இது வியக்கத்தக்க அளவு பலனளிக்கும் வைத்தியம். ஆனால் அடிக்கடி தேவைப்படத் தொடங்கினால் கார்டு போகப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

புளூடூத்தையும் கவனியுங்கள். வழமையான எம்.2 கார்டில் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும் புளூடூத் யூஎஸ்பி வழியாகவும் மதர்போர்டோடு பேசும். இரண்டும் சேர்ந்து மறைந்தால் கார்டு தளர்ந்திருக்கலாம், அல்லது செத்திருக்கலாம். புளூடூத் இருந்து வைஃபை மட்டும் போனால், அந்த ஒரு பாதையின் தொடுமுனைகளிலோ டிரைவரிலோ பிரச்சினை.

காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற இடங்களில், ஜன்னல் திறந்த அறையில் வருடக்கணக்கில் இருந்த லப்டொப்களில் தொடுமுனைகளில் படலம் படிவது உண்டு. அடி மூடியைத் திறந்து, முதலில் பெட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கார்டைத் தொட வேண்டும். ஒற்றை ஆணியைக் கழற்றினால் கார்டு தானாகச் சாய்ந்து எழும்பும். தொடுமுனைகளை 99 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட நூல் உதிராத துணியால் துடையுங்கள். அழிறப்பரால் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது மெல்லிய தங்கப் பூச்சைச் சுரண்டும், வேண்டாம். இரண்டு அன்டெனா வயர்களையும் இழுக்காமல், தலையின் அடியில் நெம்பி நேராக மேலே எடுங்கள். அந்தச் சின்னத் தலைகள் சில பத்துத் தடவை பூட்டிக் கழற்றத்தான் செய்யப்பட்டவை.

அறை வெப்பம் 30 பாகைக்கு மேல் இருக்கும் ஊரில், மெத்தையில் வைத்து வேலை செய்தால் அடிக்காற்றுத் துவாரம் அடைபடும். சூடேறியதும் விழுந்து, ஆறியதும் வரும் வைஃபைக்கு டிரைவர் மாற்றுவது மருந்தல்ல. விசிறியின் தூசியை எடுக்க வேண்டும்.

தூங்கியெழும்போது மட்டும் அறுந்தால், டிவைஸ் மனேஜரில் கார்டின் பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சேமிக்க இந்தச் சாதனத்தை நிற்பாட்டலாம் என்ற தெரிவை எடுத்துவிடுங்கள். புதிய வகைத் தூக்கநிலை உள்ள லப்டொப்களில் அந்தப் பக்கமே இராது. அங்கே தயாரிப்பாளரின் புதிய டிரைவரும் பயோஸும் (லப்டொப் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) போடுவதுதான் வழி.

டிரைவர் எடுக்க இணையம் வேண்டுமே என்றால், போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, போனின் டேட்டாவை லப்டொப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். அண்ட்ரொய்ட் போனுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது. இணைத்த உடனே விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்ட் (டேட்டா அளவுள்ளது) என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் உங்கள் டேட்டா பொதியை விழுங்கிவிடும்.

காற்றில் நெரிசல்

தொடர்மாடிகளில் ஒரே இடத்தில் இருபது, முப்பது வைஃபை பெயர்கள் தெரிவது சாதாரணம். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மட்டுமே. அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். 40 போட்டால் அயலவரின் சனலையும் மிதிப்பீர்கள். ரவுட்டர் தானாக 12 அல்லது 13-ஐத் தெரிவுசெய்தால், அமெரிக்க வட்டார அமைப்பில் உள்ள லப்டொப்புக்கு அந்த வைஃபையின் பெயரே தெரியாமல் போகலாம், போனுக்குத் தெரியும். 5 கிகாஹேர்ட்ஸில் 36 முதல் 48 வரை பாதுகாப்பு. 52-இலிருந்து பல சனல்களில் ரேடார் சமிக்ஞை போன்ற ஒன்று பட்டால் ரவுட்டர் சட்டப்படி வேறு சனலுக்கு மாற வேண்டும், அப்போது எல்லாம் ஒரு கணம் அறும்.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பழைய கார்டுகள் தாவித்தாவி விழும். பெயரைப் பிரித்து வைத்தால் அந்த அலைச்சல் நின்றுவிடும். புதிய ரவுட்டர் வந்த நாளிலிருந்து பழைய லப்டொப் இணையவில்லை என்றால் ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையைக் கலப்பு டபிள்யூபிஏ3-இலிருந்து (WPA2/WPA3) டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸுக்கு (WPA2 AES) மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் காட்டும் சிக்னல் 50 வீதம் என்றால் அது சிக்னல் வலுவின் அலகில் மைனஸ் 75 டிபிஎம். வீடியோ அழைப்பு அதில் நம்பிக்கையாக நிற்காது.

விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள நெட்வொர்க் ரீசெட் பட்டன் கடைசிக்குக் கடைசி. சேமித்த கடவுச்சொற்கள், விபிஎன் அமைப்புகள் எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். அதற்கு முன் நிர்வாகி உரிமையோடு நெட்எஸ்எச் வின்சொக் ரீசெட் (netsh winsock reset) அடித்து ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

கார்டு செத்தது உறுதியென்றால் இரண்டு வழி. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் கார்டு வாங்கும்போது இன்டெல் ஏஎக்ஸ்210 என்று கேளுங்கள், ஏஎக்ஸ்201 அல்ல. 201 சிஎன்விஐ வகை. அதற்கேற்ற இன்டெல் போர்டில் மட்டும் ஓடும், ஏஎம்டியில் ஓடாது. 210 சாதாரண எம்.2 2230 இடத்தில் இருவகைப் புரோசசருக்கும் ஓடும். பழைய சில லெனோவோ, எச்பி மொடல்களின் பயோஸ் அனுமதித்த கார்டுகளை மட்டும் ஏற்கும். மாற்றித் தரும் கடையில் பூட்டி, தொடங்கிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். லப்டொப்பைத் திறக்க மனமில்லையென்றால் வெளியே சொருகும் யூஎஸ்பி வைஃபை டொங்கிள் போதும், ஆனால் 2.4-இல் பாவிப்பதானால் யூஎஸ்பி 3 டிஸ்குக்குப் பக்கத்துத் துளையில் சொருகாதீர்கள். அந்த டிஸ்கின் மின்னிரைச்சல் அதே அலைவரிசையில் விழும். ஒரு குட்டை நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால் வேகம் திரும்பிவிடும்.