முதல் கத்தானா (ஜப்பானிய வாள்) வாங்கப் போகிறவர்களுக்கு: என் 550 டொலர் போன கதை

நேற்று இரவு அந்தக் கடையிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. "அன்பு நண்பரே, உங்கள் முறைப்பாடு முடித்துவைக்கப்பட்டது. எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் தர மறக்காதீர்கள்." 550 டொலரை விழுங்கியது போதாதென்று நட்சத்திரமும் வேண்டுமாம். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறினால் சோம்பலில் விட்டுவிடுவேன், அடுத்த ஆள் அதே படத்தைப் பார்த்து அதே கடையில் காசு கட்டுவார்.

கடையின் பெயரைப் போடவில்லை. பெரிய இணையச் சந்தை ஒன்றுக்குள் இருக்கிற, தன்னைப் 'பட்டறை' என்று சொல்லிக்கொள்ளும் வாள் கடை, அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு பெயரில் இருக்கும், அடுத்த மாதம் வேறு பெயரில் அதே படங்களோடு நிற்கும். பெயரைவிட அவர்கள் செய்கிற விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் ரொறொன்ரோவில் இயாய்டோ பழகுகிறேன். உறையிலிருந்து வாளை உருவி, வெட்டி, திரும்ப உறையில் இடுகிற ஜப்பானியக் கலை. முதலில் மரவாள், பிறகு டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், இரவல் தரும் கூர் இல்லாத பயிற்சி வாள். ஊறவைத்துச் சுருட்டிய தத்தாமிப் பாயை வெட்டிப் பழகுவதற்குச் சொந்தமாக ஒரு கூர்வாள் தேடலாம் என்று சென்செய் (எங்கள் ஆசான்) சொன்னார். வீட்டில் சொன்னதும் மனைவி ஒரு பார்வை பார்த்தா. எங்கட ஆக்களுக்கு வாள் என்றாலே யாழ்ப்பாணத்து வாள்வெட்டுச் செய்திதான் நினைவுக்கு வரும். அவவைச் சமாதானப்படுத்தியது தனிக்கதை.

ஜப்பானில் செய்த உண்மையான வாள் என் கைக்கு எட்டாது என்பது முன்பே தெரியும். அங்கே வாள் அடிக்க உரிமம் வேண்டும். அதற்கு உரிமம் உள்ள ஒருவரிடம் குறைந்தது ஐந்து வருடம் பழக வேண்டும். உரிமம் கிடைத்தாலும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்ய முடியாது. உருக்கும் லேசில் கிடைக்காது. ஷிமானே மாகாணத்தில் ஒகுஇசுமோ என்ற ஊரில் குளிர்காலத்தில் இரும்பு மணலையும் கரியையும் போட்டு எரித்து எடுக்கிற தமஹகானே அது. 1977 இல் அந்த உலையை மறுபடி மூட்டினார்கள், இன்றுவரை அங்கிருந்துதான் வாள் கொல்லர்களுக்குப் போகிறது. இப்படி வருகிற வாள் பல ஆயிரம் டொலர். ஆகவே என்னைப் போன்றவர்கள் வாங்குவது பெரும்பாலும் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் லோங்சுவான் என்ற ஊரில் செய்தவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாள் செய்வதற்கே பேர்போன பழைய ஊர் அது. எங்கள் டோஜோவில் இரண்டு மூன்று பேர் அங்கு செய்த வாளால்தான் பாய் வெட்டுகிறார்கள், நல்ல வாள்கள்.

இப்போது நம்பிக்கை எப்படி வந்தது என்று சொல்கிறேன். எனக்கு இன்னும் எரிவது அந்த இடத்தில்தான்.

அந்தக் கடையின் விற்பனையாளர் அரட்டையில் வந்தவுடன் விலை பேசவில்லை. என் உயரம் என்ன என்று கேட்டார். பாய் வெட்டவா, வெறுமனே வீசும் வடிவங்கள் பழகவா என்று கேட்டார். என் உயரத்துக்கு 71 செ.மீ. அலகு போதும், நீளமாக எடுத்தால் உறையிலிருந்து உருவும்போது கை திணறும் என்றார். அலகின் பக்கத்தில் ஓடும் பள்ளம் இருந்தால் எடை குறையும், வீசும்போது சத்தம் நன்றாக வரும், ஆனால் புதிதாகப் பாய் வெட்டுகிறவர் கோணம் பிழைத்தால் அலகு வளைந்துவிடும், அதனால் பள்ளம் இல்லாததை எடுங்கள் என்றார். பளபளக்கும் துருப்பிடிக்காத உருக்கு வாள் சுவரில் மாட்டத்தான், வீசினால் முறியும் என்றார். 1060 என்ற வகை உருக்கு பிழைகளைத் தாங்கும், ரி10 என்ற வகையில் கூர் நிற்கும் என்று பிரித்துச் சொன்னார். "100 டொலருக்குக் கீழே விற்கிற எதையும் தொடாதீர்கள் ஐயா" என்று எச்சரித்ததும் அவர்தான். ஜப்பானில் செய்தது என்று யாராவது இந்த விலைக்குச் சொன்னால் பொய் என்றும் அவரே சொன்னார்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பிழையில்லை. பிறகு சென்செயிடம் கேட்டேன், எல்லாம் சரி என்றார். இதுதான் அவர்களுடைய வித்தை. பொய்யாக ஏதாவது சொல்லியிருந்தால் எங்கேயாவது பிடித்திருப்பேன். வாளைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, அனுப்பிய வாள் மட்டும் பொய். சரியான தகவலைக் கொடுக்க அவர்களுக்கு ஒரு சதமும் செலவில்லையே.

கடைசியாக ஒரு படம் அனுப்பினார். கைப்பிடி கழற்றிய வெறும் அலகு. கைப்பிடிக்குள் போகும் அலகின் பின்பகுதி, அதாவது நககோ, அகலமாக, நீளமாக, இரண்டு துளைகளோடு இருந்தது. அலகின் ஓரத்தில் ஹமோன் என்கிற அலைபோன்ற கோடு. "இது உங்களுக்காகச் செய்த வாள், இன்று காலை படம் எடுத்தோம்" என்றார். அன்றே 465 டொலர் கட்டினேன். பொதி வந்தபோது கூரியர்க்காரர் வாசலில் வைத்து வரி, சுங்க வேலைக் கட்டணம் என்று இன்னும் 85 வாங்கினார். மொத்தம் 550.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. பட்டுத் துணி, எண்ணெய்க் குப்பி, சின்னச் சுத்தியல், சீனத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சான்றிதழ். வாளைக் கையில் எடுத்து மெல்ல ஆட்டியதும் கைப்பிடிக்குள் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கிற காவற்தட்டு ஆடுகிறது. கைப்பிடியைச் சுற்றியிருந்த நாடா விரலால் தள்ளினாலே நகர்கிறது. அதற்குக் கீழே திருக்கைத் தோல் என்று எழுதியிருந்தது வெறும் பிளாஸ்ரிக்.

அன்று மாலையே டோஜோவுக்குக் கொண்டுபோனேன். சென்செய் வாளை வாங்கி முதலில் பார்த்தது மெகுகியை. தெரியாதவர்களுக்கு: ஜப்பானிய வாளில் அலகைக் கைப்பிடியோடு பிடித்துவைப்பது, மரக் கைப்பிடிக்குள் நககோ இறுக்கமாக உட்காருவதும் குறுக்கே போகிற ஒரு சிறு மூங்கில் ஆணியும்தான். அதுதான் மெகுகி. வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் தங்கள் மெகுகியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அது எங்கள் வழக்கம். ஏனென்றால் அது போனால் வீசும்போது அலகு கழன்று முன்னால் நிற்கிறவர் மீது பாயும். படத்தில் இரண்டு துளை இருந்தது, என் வாளில் ஒரே ஆணி. அந்த ஒன்றையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தட்டினால் வரவே இல்லை.

மூத்த மாணவர் ஒருவர் அதைத் துளையிட்டு எடுத்தார். கைப்பிடியை உருவினோம். நககோ என்று ஒன்று இல்லை. அலகு காவற்தட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் முடிந்துவிட்டது. அதோடு பென்சில் பருமனில் ஒரு கம்பியை வெல்டிங் செய்து ஒட்டவைத்திருக்கிறார்கள். ஒட்டுவேலை நடந்த இடம் புண் ஆறிய தழும்பு மாதிரிக் கறுத்துக் கிடந்தது. சென்செய் ஒன்றும் சொல்லவில்லை. வாளை மூலையில் வைத்துவிட்டு, இதை யாரும் இந்தக் கட்டடத்துக்குள் வீசக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஹமோனும் பொய். களிமண் பூசிச் சூடாக்கித் தண்ணீரில் தோய்க்கும்போது களிமண் மெல்லிதாக உள்ள விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து மிருதுவாகவே இருக்கும். அந்த இரண்டும் சந்திக்கிற எல்லைதான் ஹமோன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதற்குள் சிறு மணிகள் மினுங்கும், எல்லை ஒரே சீராக இருக்காது. என்னுடையதில் வெள்ளைப் பட்டை ஒன்று, அலைக்கு அலை ஒரே அளவு. உலோகம் துலக்கும் பசையைத் துணியில் எடுத்துத் தேய்த்ததும் போய்விட்டது. நல்ல வாள்களிலும் ஹமோனை எடுப்பாகக் காட்ட அமிலம் பூசுவதுண்டு, அதில் பிழையில்லை. ஆனால் அங்கே அடியில் உண்மையான எல்லை இருக்கும். இங்கே அடியில் ஒன்றுமே இல்லை.

அப்புறம் தொடங்கியது தட்டிக்கழிப்பு.

முதற்பதில்: "அன்பு நண்பரே, கையால் செய்த பொருளில் சிறு அசைவு இயல்பு. கைப்பிடிக்குள் காகிதம் வைத்து இறுக்கலாம்." ஒட்டுப்போட்ட கம்பிக்குக் காகிதம் வைக்கட்டாம்! இரண்டாவது பதில், நககோவின் படம் அனுப்புங்கள், தொழில்நுட்பப் பிரிவு பார்க்கும். அனுப்பினேன். மூன்றாவது பதில், நீங்கள் கைப்பிடியைக் கழற்றியிருக்கிறீர்கள், ஆகவே உத்தரவாதம் செல்லாது. படம் கேட்டதும் அவர்கள்தான், கழற்றாமல் அதை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

பிறகு வேறு ஒருவர் வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். 40 டொலர் திருப்பித் தருகிறோம், முறைப்பாட்டை எடுத்துவிடுங்கள் என்றார். 550 கொடுத்தவனுக்கு 40. மாட்டேன் என்றதும் விடுமுறை வந்துவிட்டது, பட்டறை மூடியிருக்கிறது, திறந்ததும் புது வாள் அனுப்புகிறோம் என்றார்கள். புது வாள் என்றதும் காத்திருந்தேன், யாராயினும் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புக்குள் சந்தையின் திருப்பி அனுப்பும் கெடு முடிந்தது. மறுநாளே பட்டறை திறந்துவிட்டது. "மன்னிக்கவும் நண்பரே, கெடு முடிந்ததால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது."

எனக்கு உடுத்திக்கொண்டு போய்ச் சண்டைபிடிக்க ஒரு கடை வாசல்கூட இல்லை.

சந்தையின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். விற்பனையாளர் திருப்பி எடுக்கச் சம்மதிக்கிறார், ஆனால் சீனாவுக்கு அனுப்பும் செலவு உங்களுடையது என்றார்கள். அஞ்சலகத்தில் விசாரித்தால், வாள் என்றதும் அந்தப் பெண் மேலாளரைக் கூப்பிட்டா. கணக்குப் பார்த்தால் 190 டொலர், அங்கே போய்ச் சேரும் என்பதற்கும் பொறுப்பில்லை. நான் எழுதிய விமர்சனத்தையும் விதிமீறல் என்று நீக்கிவிட்டார்கள். அந்த 'இன்று காலை எடுத்த' படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தேன். வெவ்வேறு பெயருள்ள கடைகளில் அதே அலகு, அதே மேசை, மேசையில் அதே கீறல். யாரோ ஒரு நல்ல கொல்லர் செய்த வாளின் படம். அவருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது.

நல்ல வாளை எப்படித் தெரிவது என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

படத்தை நம்பாதீர்கள். உங்கள் பெயரையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி நககோவுக்குப் பக்கத்தில் வைத்துக் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான பட்டறைக்கு அது ஐந்து நிமிட வேலை. மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

மெகுகி மூங்கிலில் இருக்க வேண்டும், தட்டினால் வர வேண்டும். பசை போட்டு ஒட்டியிருந்தால் உள்ளே எதையோ மறைக்கிறார்கள்.

ஹமோன், மடித்தடித்த உருக்கு என்பதற்கெல்லாம் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். தமஹகானேயில் கார்பன் ஒரே சீராக இருக்காது, அதனால் மடித்தார்கள். இன்றைய உருக்குக்கு அது தேவையில்லை. முதல் வாளுக்குச் சாதாரண 1060 போதும் என்று சென்செய் சொல்கிறார்.

முடிந்தால் டோஜோவில் யாராவது பாவித்த வாளை வாங்குங்கள், கையில் எடுத்துப் பார்க்கலாம். எனக்கு இப்போது ஒரு மூத்த மாணவர் தன்னுடைய பழைய வாளை 300க்குத் தருவதாகச் சொல்கிறார். அந்த 550 இருந்திருந்தால் இதை வாங்கிப் பாயும் வாங்கியிருக்கலாம்.

வங்கிப் பரிமாற்றம் வேண்டாம், கடனட்டையிலேயே கட்டுங்கள். குறை கண்ட அன்றே சந்தையிலும் கடனட்டைக் கொம்பனியிலும் முறைப்பாடு பதியுங்கள். 'புது வாள் வருகிறது' என்று யார் சொன்னாலும் முறைப்பாட்டை நிறுத்திவைக்காதீர்கள்.

என் கடனட்டைக் கொம்பனி இன்னும் முடிவு சொல்லவில்லை. சென்செய் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார், நாளை அதையும் ஒட்டுவேலையின் படங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இப்படிப்பட்ட கம்பி வாள் யாரிடமாவது இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள், ஒருதரம்கூட வீசிப் பார்க்காதீர்கள்.