டர்பன் மண்ணில் ஃபேஜ் தேட 0.22 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டர்: வாங்கலாமா?

மண்ணிலிருந்து பாக்டீரியோபேஜ் (சுருக்கமாக ஃபேஜ்; பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) பிரிப்பவர்கள் அதிகம் வாங்கித் தீர்ப்பது, பாக்டீரியாவைத் தடுத்து ஃபேஜை விடும் இந்தச் சின்ன வட்டைத்தான். இங்கே பார்ப்பது பாலிஈதர்சல்ஃபோன் சவ்வு, 0.22 மைக்ரான் துளை, 33 மி.மீ. அகலம், கிருமி நீக்கித் தனித்தனி உறையில் வரும் வகை. வாங்கலாம். ஆனால் மண் கரைசலை அப்படியே இதில் தள்ளினால் காசு வீண்.

முதலில் கவனிக்க வேண்டியது சவ்வு. ஃபேஜின் மேலுறை பெரும்பாலும் புரதம். பாலிஈதர்சல்ஃபோன் புரதத்தை அதிகம் பிடித்துவைக்காது. நைட்ரோசெல்லுலோஸும் நைலானும் பிடித்துக்கொள்ளும். கொஞ்சமாக இருக்கும் ஃபேஜும் சவ்விலேயே தங்கிவிடும்.

டர்பனின் பெரியா மேட்டுச் செம்மணலில் களி கலந்திருக்கும், சட்டென்று அடைக்கும். 15 மி.லி. குழாயில் 2 மி.லி. கோடு வரை மண் போட்டு, 10 மி.லி. ஊடகம் (பாக்டீரியா வளர்க்கும் திரவம்) ஊற்றி, 1 முதல் 2 மணி நேரம் குலுக்குங்கள். சுழற்பொறியில் 2,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கு விசை) 10 நிமிடம் சுழற்றி, வண்டலைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் எடுங்கள். அப்போதும் கலங்கலாக இருந்தால் முதலில் 0.45 மைக்ரானில் ஒருமுறை வடிகட்டலாம்.

சிரிஞ்சு 10 மி.லி., திருகிப் பூட்டும் வகை. 3 மி.லி. சிரிஞ்சு வேண்டாம்: விட்டம் குறையக் குறைய அதே கை அழுத்தம் பெருகிச் சவ்வு கிழியும். இறுகியிருந்த பிஸ்டன் திடீரென இளகினால் கிழிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். வடித்து முடிந்ததும் சிரிஞ்சில் காற்றை நிரப்பித் தள்ளிப் பார்க்கலாம். நனைந்த நல்ல சவ்வு காற்றை விடாது. குமிழ் எளிதாக வந்தால் புது ஃபில்டரில் மறுபடி வடியுங்கள். இல்லையென்றால் மண் பாக்டீரியா தட்டு முழுக்கப் படரும், தெளிவட்டம் (ஃபேஜ் பாக்டீரியாவைக் கொன்ற இடம்) எதுவும் கண்ணில் படாது.

இதன் உண்மையான குறை வேறு: ஜம்போ ஃபேஜ்கள் எனப்படும் மிகப் பெரிய ஃபேஜ்கள் பலவும் 0.22-இல் சிக்கிக்கொள்ளும். அவற்றைத் தேடுபவர்கள் 0.45 எடுத்து, மிஞ்சும் பாக்டீரியாவைக் குளோரோஃபார்மால் கொல்லலாம். ஆனால் கொழுப்பு உறையுள்ள ஃபேஜும் குளோரோஃபார்மில் அழியும். குளோரோஃபார்ம் சேர்த்த நீரை இந்த ஃபில்டரில் ஊற்றவே கூடாது, சவ்வைக் கெடுத்துவிடும்.

ஆய்வகங்களில் வளர்க்கும் பாக்டீரியாவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸைத் தாக்கும் ஃபேஜ்களுக்கு 0.22 போதும். 2010-இல் டர்பனில், உரக்குழியில் அழுகிய கத்தரிக்காயின் அடியில் கிடைத்த ‘மடி’ (Muddy) என்ற ஃபேஜ் அந்த வகைதான். 2018-இல் லண்டனில், மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ் தொற்றால் வாடிய 15 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த மூன்று ஃபேஜ்களில் அதுவும் ஒன்று. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தின் வீட்டுத் தோட்டத்து உரக்குவியலை யாரும் அற்பமாக நினைக்க வேண்டாம்.

வடிநீர் 0.5 மி.லி.யுடன் ஸ்மெக்மாடிஸ் 0.25 மி.லி. கலந்து, 10 நிமிடம் விட்டு, மேல் அகாரோடு (தட்டின் மேல் ஊற்றும் மென்மையான கூழ்) ஊற்றினால் 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரத்தில் தெளிவட்டம் தெரியும். அகாரில் மாட்டிய காற்றுக்குமிழும் தெளிவட்டம் போலவே இருக்கும். அதைக் குத்தியெடுத்து மறுபடி ஊற்றிப் பாருங்கள், ஃபேஜாக இருந்தால்தான் திரும்ப வரும். வடிநீர் மட்டும் ஊற்றிய தட்டு ஒன்றும், ஸ்மெக்மாடிஸ் மட்டும் ஊற்றிய தட்டு ஒன்றும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம்.

அடைக்கவில்லையே என்று ஒரே ஃபில்டரில் இரண்டு மண் மாதிரியை வடிக்காதீர்கள். இரண்டு ஃபேஜ் கலந்துவிட்டால், எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலும் டி.என்.ஏ.வை நொதியால் வெட்டிப் பார்க்கும் ஜெல்லிலும் எது எதனுடையது என்று பிரிக்க முடியாது.