இங்கிலாந்தில் மரவேலைக்குத் துணை ஒப்பந்தக்காரராகப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் மரம் வெட்டவும் கிளை கழிக்கவும் நாள் கூலிக்குப் போகிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாட்டின் தென்பகுதியில் உள்ள ஒரு நிறுவனத்தில் துணை ஒப்பந்தக்காரனாக மரமேறிக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கொடுத்த பில்லில் 640 பவுண்டைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினார்கள். காரணம் கேட்டால், வெட்டிய கிளைகளைத் துண்டு துண்டாக நறுக்கும் சிப்பர் இயந்திரத்தின் பிளேடு சேதமாம். சிப்பர் அவர்களுடையது. அதற்குள் கிளையைத் தள்ளியவர் அவர்களுடைய மாதச் சம்பள ஊழியர். வேலிக்கம்பி உள்ளே புதைந்து வளர்ந்திருந்த பழைய தண்டு அது. பிளேடு கம்பியைக் கடித்த சத்தம் எனக்கு மரத்தின் மேல் கேட்டது. நான் அப்போது கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"தளத்தில் நடக்கும் சேதத்துக்குத் துணை ஒப்பந்தக்காரர்தான் பொறுப்பு. நீ சுயதொழில்காரன், அது உனக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி. தெரியாமல் என்ன? ஆனால் அந்தச் சுயதொழில்காரன் காலை ஏழு மணிக்கு அவர்கள் முற்றத்தில் நிற்க வேண்டும். அவர்கள் சின்னம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அவர்கள் வேனில் ஏறி, அவர்கள் சொல்கிற மரத்தை அவர்கள் சொல்கிற வரிசையில் வெட்ட வேண்டும். ஒருநாள் உடம்பு முடியாமல் எனக்குப் பதிலாகத் தகுதிச் சான்றுள்ள ஒரு நண்பரை அனுப்புகிறேன் என்றேன். "உன்னைத்தான் கூப்பிட்டேன், வேறு யாரும் வேண்டாம்" என்று பதில் வந்தது. காலையில் ஊழியன், சம்பள நாளில் சுயதொழில்காரன். வசதியான ஏற்பாடுதான், அவர்களுக்கு.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது உபகரணம். என்னுடைய ஹார்னெஸும் (ஏறும்போது உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) ஏறும் கயிறும் பரிசோதனைக்குப் போயிருந்த சமயத்தில் நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து ஒரு ஹார்னெஸ் கொடுத்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வரிசை எண் இருக்க வேண்டிய துணிச்சீட்டு வெளுத்து, எழுத்தே இல்லாமல் இருந்தது. இடுப்புப் பட்டையின் தையல் நூல் இரண்டு இடத்தில் பஞ்சாகப் பிரிந்திருந்தது. ஏறும் கயிற்றில் சுற்றிப் பிடிமானம் தரும் முடிச்சுக் கயிறு சூட்டில் உருகி, கண்ணாடி போல் வழவழப்பாக மின்னியது. அப்படி மின்னும் கயிறு பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்டேன். "லோலர் எல்லாம் உன் வேலை. நீ சுயதொழில்" என்றார்கள்.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. லோலர் என்று தொழிலில் சொல்வது தூக்கு கருவிகள் பற்றிய 1998 விதிகளை. ஆளைச் சுமக்கும் கருவி எதுவானாலும், மரமேறியின் ஹார்னெஸும் கயிறும் உட்பட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். எது எந்தக் கருவி என்று அடையாளமும், அடுத்த சோதனை எப்போது என்ற தேதியும் அந்த அறிக்கையில் இருக்கும். என் சொந்தக் கருவிக்கு அந்தச் செலவு என்னுடையது, அதில் வாதமில்லை. ஆனால் நிறுவனம் தன் கருவியை எடுத்துக் கொடுக்கும்போது, அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் நிறுவனத்தின் பொறுப்பு நான் சுயதொழில் என்பதால் மறைந்துவிடாது. மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே சுயதொழில் செய்பவர் வேலையில் பயன்படுத்தும் கருவிக்கு, அது யாருடையதானாலும், சட்டத்தின் முன் அவரும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அறிக்கையைக் கண்ணால் பார்க்காமல் யாருடைய ஹார்னெஸிலும் ஏறாதீர்கள். நான் ஏறவில்லை. அன்றைய கூலி போயிற்று.

ஆஷ் மரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 2012இல் முதலில் உறுதிசெய்யப்பட்ட பூஞ்சை நோயால் அந்த மரங்கள் நாடெங்கும் பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. நமக்கு வேலை நிறைய வருவது அதனால்தான். நோய் முற்றிய ஆஷ் கட்டை எந்த நேரத்தில் முறியும் என்று சொல்ல முடியாது. கயிறு கட்ட நம்பகமான கவடு கிடைக்காது. அப்படி ஒரு மரத்துக்கு ஆளை மேலே உயர்த்தும் இயந்திர மேடை வேண்டும் என்று கேட்டேன். வாடகை அதிகம், ஏறு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்கள். கீழே நின்றவருக்கு மரத்தின் மேல் காயப்பட்டவரை இறக்கும் மீட்புப் பயிற்சியும் கிடையாது. வேலையை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாதவன் எப்படிச் சுயதொழில்காரன் ஆவான்?

காப்பீட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வா என்றார்கள், எடுத்தேன். அது அடுத்தவர் கூரையில் கிளை விழுந்தால் உதவும். நான் விழுந்து கை முறிந்தால் எனக்கு ஒரு பைசா தராது. இரவல் வாங்கிய கருவி உடைந்தாலும் வழக்கமாகத் தராது. உழைப்பை மட்டும் கொண்டுவருகிற துணை ஒப்பந்தக்காரரைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஊழியர் கணக்கில்தான் வைக்கின்றன. அவருக்கு நிறுவனத்தின் முதலாளி பொறுப்புக் காப்பீடு, அதாவது வேலை செய்பவர் காயப்பட்டால் ஈடு தரும் காப்பீடு, தேவை. சொந்தக் கருவி, சொந்தத் திட்டம், சொந்த மேற்பார்வை என்று வருகிறவர் வேறு வகை. என்னை எந்த வகையில் தங்கள் காப்பீட்டாளரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

கழித்த பணத்துக்கு வருகிறேன். இங்கே வேலை செய்கிறவர்களின் சட்ட நிலை இரண்டு அல்ல, மூன்று: ஊழியர், சுயதொழில் செய்பவர், இரண்டுக்கும் நடுவில் ‘தொழிலாளி’ என்று சட்டம் சொல்லும் ஒரு வகை. 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டப்படி, முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்காமலும் ஒப்பந்தத்தில் எழுதித் தெரிவிக்காமலும் நடுவகைத் தொழிலாளியின் கூலியில்கூட இப்படிக் கை வைக்க முடியாது. ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறையும் அவருக்கு உண்டு. 2022 ஏப்ரல் 6 முதல் தலைக்கவசம், செயின்சா கால்சட்டை போன்ற பாதுகாப்பு உடைகளையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

வரியைச் சுயதொழிலாகக் கட்டுகிறாயே என்று வாயை அடைக்கப் பார்ப்பார்கள். பிம்லிகோ பிளம்பர்ஸ் என்ற குழாய்ப்பணி நிறுவனத்தின் மீது ஒரு பிளம்பர் போட்ட வழக்கில் அவரும் அப்படித்தான் வரி கட்டினார், வாட் பதிவுகூட வைத்திருந்தார். நிறுவனச் சின்னம் போட்ட சீருடை, நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு எடுத்த வேன், தனக்குப் பதில் வெளியாளை அனுப்ப முடியாத நிலை. 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவரைத் தொழிலாளி என்றே தீர்த்தது. வரித்துறை சொல்வது வரிக்கு மட்டும். உடல்நலப் பாதுகாப்புத் துறையும் இதையே சொல்கிறது: வரிக்குச் சுயதொழிலாக இருப்பவர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் ஊழியராக இருக்கலாம்.

வேலைத் தகராறுகளில் சமரசம் செய்துவைக்கும் அகாஸ் அமைப்பில், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு இலவசமாக விண்ணப்பித்தேன். நான் போனபோது வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருந்தது. இப்போது எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், கெடு தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லாமல் போகலாம். கையில் இருந்தவை: காலை ஏழு மணிக்கு வரச்சொன்ன குறுஞ்செய்திகள், ‘வேறு யாரும் வேண்டாம்’ என்ற பதில், அந்த ஹார்னெஸின் புகைப்படம். சிப்பரைப் பற்றி ஒரு வார்த்தை எழுத்தில் இல்லை, அதாவது பணத்தைக் கழிக்க நான் சம்மதித்ததாக அவர்களால் காட்ட முடியவில்லை. 640 பவுண்டும் வந்தது. விடுமுறைப் பணத்தில் பேரம் பேசிப் பாதிக்குக் கொஞ்சம் மேல் கொடுத்தார்கள். மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.

வேலைக்குச் சேரும் முன் யார் கருவி, யார் பரிசோதனை, உடைந்தால் யார் பணம், யார் காப்பீடு என்பதை ஒரு மின்னஞ்சலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்டு யாரும் தனியாக எழுத வேண்டாம். சமரச உடன்பாட்டில் பெயர் சொல்லக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, அதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.