சாட்ஸ்வொர்த்தில் ஓர் இலவச மனநல ஆலோசனை நிலையம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில், சமூகக் கூடமொன்றின் பின்னறையில் இயங்கும் இலவச மனநல ஆலோசனை நிலையத்துக்கு என் அக்கா மகனை அழைத்துச் சென்றுவருகிறேன். இரவு வேலை முடிந்து திரும்புகையில் காவலர்கள் மறித்து அடித்ததிலிருந்து அவனுக்கு உறக்கமில்லை. தனியாக டாக்சி ஏறவும் மறுக்கிறான்.

நிலையத்தின் பலம் அங்குள்ள ஆலோசகர்தான். முதல் நாள் தரும் வினாத்தாளில், யாரேனும் பின்தொடர்வதாகத் தோன்றுகிறதா என்றொரு கேள்வி உண்டு. அவன் 'ஆம்' என்று குறித்தான். வேறிடமாக இருந்தால் அந்த ஒரு பதிலையே மனநோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு மாத்திரை எழுதித் தந்திருப்பார்கள். இந்த அம்மையார் பேனாவை வைத்துவிட்டு, அந்த அச்சம் எப்போது தொடங்கியது, எந்தத் தெருவில் கூடுகிறது, சீருடையைக் கண்டால் மட்டும்தான் வருகிறதா என்று பொறுமையாக விசாரித்தார். பால்டிமோர், நியூயார்க் நகரவாசிகளிடம் 2017இல் எடுக்கப்பட்டு மறு ஆண்டு வெளியான ஆய்வொன்றில், காவலர் வன்முறைக்கு ஆளானவர்களிடையே மன உளைச்சலும் தற்கொலை எண்ணமும், இல்லாததைக் காண்பது கேட்பது போன்ற அனுபவங்களும் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டன. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் வன்முறை முந்தியதா, இந்த அனுபவங்கள் முந்தியவையா என்பதை அந்த ஆய்வால் நிறுவ இயலாது. தனிமனிதர் விஷயத்திலோ, எப்போது தொடங்கியது என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

குறை வாசலிலேயே தொடங்குகிறது. சீருடையும் இடுப்பில் தடியுமாக ஒரு தனியார் காவலாளி நிற்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அவரைக் கண்டதும் பையன் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான். 2012இல் மரிக்கானாவில் 34 சுரங்கத் தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்ற நாட்டில், இது யாருக்கும் தோன்றாமல் போனது வியப்பே. ஒரு சாதாரணச் சட்டை போதும்.

இதைவிடப் பெரிய குறை, புகார் வழி பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை என்பது. காவலர் அடித்தது போன்ற முறைகேடுகளை விசாரிப்பதற்கென்றே ஐபிட் (IPID) என்ற தனி அரசு அமைப்பு 2012 முதல் இயங்குகிறது. மருத்துவர் காயங்களைக் குறித்துத் தரும் ஜே88 படிவம் அத்தகைய வழக்குக்கு முக்கியச் சான்று; வீக்கம் வடிந்தபின் அதில் எழுத என்ன இருக்கும்? முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்ல ஒரு துண்டுத் தாள் போதும்.

பணி நாட்களில் பகலில் மட்டுமே திறந்திருப்பதால் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். ஆலோசனைக்குத் தயங்காமல் செல்லலாம். அடி புதிதாக இருந்தால் மட்டும், முதலில் மருத்துவரிடம் ஜே88 வாங்கிக்கொண்டு செல்லுங்கள்.